தலை இடிக்காத படகு

ஜூன் 3

அன்புள்ள சின்ன வாத்துக்கு,

நலமா? கண்ணாடிக் கடையை ஒருவழியாகக் கைமாற்றிவிட்டேன். ஊரார் கண்ணைப் பரிசோதித்தது போதும், இனி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்று இருக்கிறது. சிரிக்காதே. பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கப்போகிறேன். இரண்டு பேர் மாதக்கணக்கில் தங்குகிற மாதிரி, உள்ளே அடுப்பும் படுக்கையும் வேண்டும்.

கல்யாணமான புதிதில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலாலேயே போய்வருவோமே, அந்த உப்பங்கழி. அதே வழிதான். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த பிறகும் உன்னிடம் உதவி கேட்க முடிகிறதே, அதுவே பெரிய விஷயம். நீ துறைமுகத்தில் படகுகளுக்குப் பாய் தைக்கிறாய். எனக்கோ படகில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே தெரியாது. அழகாக இருக்கிறதென்று எதையாவது தலையில் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். உன் பக்கம் விற்பனைக்கு வருவதைப் பார்த்துச் சொல்வாயா?

என் அக்கா போன மாதம் உன்னை வந்து பார்த்ததாகச் சொன்னாள். நீ கோபப்படவில்லை என்றாள். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
பெரிய வாத்து


ஜூன் 14

அன்புள்ள பெரிய வாத்துக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையிலேயே பிரித்துப் படித்தேன். மெஷினை நிறுத்திவிட்டு நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து முதலாளி, "என்னம்மா, லாட்டரி விழுந்திருச்சா?" என்றார். அக்காவிடம் நான் ஏன் கோபப்படப் போகிறேன்? வந்தார், டீ குடித்தார், வெயிலைத் திட்டினார், என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார், போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படகுதான் பார்த்தேன். நீலப் படகு ஒன்று, புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கிறது. நீங்களாக இருந்தால் அங்கேயே காசை நீட்டியிருப்பீர்கள். ஆனால் அடியில் என் உயரத்துக்கு ஒரு கனத்த இரும்புத் தகடு தொங்குகிறது. நம் கழியில் நீர் வடிந்தால் முழங்கால் அளவுதான். சேற்றில் குத்திக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இன்னொன்றில் நுழைந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். தரைப் பலகை கையோடு பெயர்ந்து வந்தது.

மூன்றாவது, ஓய்வுபெற்ற பல் டாக்டருடையது. அடி தட்டை. நடுத்தகடு கயிற்றை இழுத்தால் மேலே மடங்கிக்கொள்ளும், பிறகு முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இருந்தாலும் நகரும். பாலம் குறுக்கிட்டால் பாய்மரத்தைச் சாய்த்துப் படுக்க வைத்துவிடலாம். பலகை முழுக்கத் தட்டிப் பார்த்தேன், எங்கேயும் மக்கிப்போன பொதபொதவென்ற சத்தம் இல்லை.

கேபின்தான் குட்டி. டாக்டர் உள்ளே வந்தபோதெல்லாம் தலையை இடித்துக்கொண்டு "ஐயோ" என்றார். எனக்கு இடிக்கவில்லை, உங்களுக்கும் இடிக்காது. நம் உயரத்தைப் பார்த்து வாத்து ஜோடி என்று கேலி செய்தார்களே, அவர்களில் ஒருவராலும் இதில் குடியிருக்க முடியாது. இரண்டு படுக்கையிலும் படுத்துப் பார்த்தேன். வலது பக்கம் ஜன்னல் இருக்கிறது. யாருக்கு எது என்று இப்போதே சண்டை பிடிக்க மாட்டேன்.

அன்புடன்,
சின்ன வாத்து


ஜூன் 22

அன்புள்ள சின்ன வாத்துக்கு,

நீ இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. பல் டாக்டர் படகு எல்லாவற்றிலும் சரிதான். ஒன்றே ஒன்று. உள்ளே நிமிர்ந்து நிற்க முடிய வேண்டும், ஆறடிக்குக் குறையாமல். படுக்கையும் அந்த நீளம் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் குனிந்தே இருந்தால் முதுகு என்னத்துக்கு ஆகும்? ஏதாவது வழி இருந்தால் சொல்.

அன்புடன்,
பெரிய வாத்து


ஜூன் 28

அன்புள்ள பெரிய வாத்துக்கு,

ஆறடியா? என்ன, கடையை விற்ற கையோடு வளர ஆரம்பித்துவிட்டீர்களா? நாற்காலி போட்டு ஏறித்தான் பல்பு மாற்றுவீர்கள். அந்த நாற்காலியையும் நான்தான் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

கூரையை உயர்த்தினால் படகு தலைகனத்து ஆடும். ஆடாமல் இருக்க அடியில் எடை தொங்க வேண்டும். எடை தொங்கினால் கழிக்குள் நுழைய முடியாது. இரண்டும் வேண்டுமென்றால் எந்தப் படகும் ஒத்துக்கொள்ளாது.

வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களைக் கேட்காமலே அதன் பாயைக் கொண்டுவந்து, வேலை முடிந்த பிறகு தைத்துக்கொண்டிருக்கிறேன். ஓரமெல்லாம் நைந்து கிடந்தது.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். நீங்கள் "இரண்டு பேர்" என்று எழுதியதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. போன வருடம் கூப்பிட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். இப்போது வருவேன். முதலாளியிடம் லீவுகூடக் கேட்டுவிட்டேன். அந்த இரண்டாவது ஆள் நான்தானே? அப்படியென்றால் ஆறடி யாருக்கு?

சின்ன வாத்து


ஜூலை 5

அன்புள்ள உனக்கு,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை அனுப்புகிறேன். உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக அக்கா சொன்னாள். "அவ தப்பா எடுத்துக்கலடா, சிரிச்சுக்கிட்டேதான் வழியனுப்புனா" என்றாள். நீ தெரிந்துதான் உதவுகிறாய் என்று நம்பினேன். உன் மனசு எவ்வளவு பெரியது என்று அவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று அக்காவைப் பிடித்துக் கேட்டால், "சொல்லத்தான் போனேன். அவ மூஞ்சியைப் பாத்ததும் வாய் வரல" என்று அழுகிறாள்.

அந்த ஆறடி அவருக்குத்தான். கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த பெண். கட்டட வரைபடம் போடுகிற வேலை. நல்ல உயரம். செப்டம்பரில் கல்யாணம். நான் நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். தைரியம் இல்லாமல் அக்காவை அனுப்பினேன்.

படகை விட்டுவிடு. நீ பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

நான்


ஜூலை 30

வணக்கம்.

பதில் எழுத நாளாகிவிட்டது. அழுது முடிக்க வேண்டியிருந்தது.

அக்காவைத் திட்டாதீர்கள். அன்று ஏன் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. நீங்கள் கல்யாணம் செய்துகொள்வதிலும் எனக்கு வழக்கு இல்லை, அதற்கு உரிமையும் இல்லை. ஆனால் அந்த உப்பங்கழியை விட்டுவைத்திருக்கலாம். உங்கள் இருவருக்கும் வேறு தண்ணீரே கிடைக்கவில்லையா? அது ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை.

ஆறடிக்கு வழி இல்லை என்று எழுதியிருந்தேன். இருக்கிறது. மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் படகு விற்பனைக்கு நிற்கிறது. அதன் கேபின் கூரையைப் பெட்டி மூடி மாதிரி மேலே தூக்கி, கம்பிகளில் நிறுத்திவைக்கலாம். கரையோரம் கட்டிப்போட்டிருக்கும்போது தூக்கிவிட்டால் உயரமானவரும் நிமிர்ந்து நிற்கலாம். படுக்கையும் நீளம். அடி தட்டை, தகடு மடங்குகிறது. தட்டிப் பார்த்தேன், நல்ல படகு. வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கிய கூரையைச் சுற்றி மறைக்கிற துணி கிழிந்திருக்கிறது. வேறு பட்டறையில் கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள், அது என்னால் முடியாது.

டாக்டர் படகின் பாயை முடித்துக் கொடுத்துவிட்டேன். நேற்று யாரோ அந்தப் படகை வாங்கிக்கொண்டு போனார்கள். "பாய் என்னமா காத்து புடிக்குது, வந்து பாரும்மா" என்று முதலாளி வாசலில் நின்று கூப்பிட்டார். நான் எழுந்து போகவில்லை.

இனி எழுத வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். படகு ஓடும்போது கூரையை இறக்கித்தான் வைக்க வேண்டும். அப்போது அது நம் உயரத்துக்குத்தான் இருக்கும். அவர் உள்ளே நுழையும்போதும் எழுந்திருக்கும்போதும் "தலை" என்று ஒரு குரல் கொடுங்கள். உங்களுக்கு இடிக்காது, அதனால் மறந்துவிடுவீர்கள்.

இப்படிக்கு,
பாய் தைப்பவள்