சிவப்புக் காரின் இடது சீட்

அன்பு மகனுக்கு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன். அப்பாவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னாய். போட மாட்டேன்.

மெக்கானிக் வேல்சாமி என்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டார். "தண்ணி இறங்கி பிஸ்டன் இறுகிட்டு, அக்கா. முழுசா வேலை பார்க்க மூணு லட்சம் ஆவும். அந்த ரூவாய்க்கு ஓடுத காரே வாங்கிரலாம். தண்ணி எப்படி உள்ள போச்சுன்னுதான் வெளங்கல" என்றார்.

அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அப்பா போன பிறகு வந்த ஐந்து ஆயுத பூசைக்கும் பானெட்டைத் திறந்து, என்ஜின் மேலேயே குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்தவள் நான்தான். ஸ்டார்ட் பண்ண எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் ஒருநாள்கூட அவர் அந்தச் சாவியை என் கையில் தந்ததில்லை.

வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டேன். இரண்டு வருட மக்காச்சோளப் பணம் அதற்குத்தான். டிரைவிங் ஸ்கூலிலும் சேர்ந்துவிட்டேன். கிளட்சை விடும்போது வண்டி இன்னும் குதிக்கிறது. குதிக்கட்டும்.

கோவில்பட்டி வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாயே, அதற்கும் இதுதான் பதில்.

பொங்கலுக்கு வரும்போது ஆட்டோ பிடிக்காதே. ஸ்டேஷனுக்கு நானே வருவேன். வண்டியில் இரண்டே சீட். உன்னுடையது இடது பக்கம்.

சாவியை இடுப்பில் செருகியிருக்கும்
உன் அம்மா