தட்டில் வைத்த வக்கீல் ஃபீஸ்

ஸ்ரீ:

செல்வ நகர், தாம்பரம்
12-12-1991

சிரஞ்சீவி ஸ்ரீரங்கனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பெருமாள் கிருபையில் நானும் அப்பாவும் க்ஷேமம், அப்பாவின் முழங்கால்தான் மழை வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. பிலாயில் நீயும் க்ஷேமமாக இருப்பாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன், நம்புவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். வேலைக்கு வரும் கங்கையம்மாள் அனகாபுத்தூரில் அக்கா வீட்டில் ஆற்றுத் தண்ணீர் புகுந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள், திரும்பி வரும்போது தலையில் புது ரிப்பன். வெள்ளத்தில் ரிப்பன் எங்கே விற்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டு வரி கேஸில் ஜெயித்துவிட்டோம். பின்கட்டில் துவைக்கிற கல்லுக்கு மேல் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் உன் பழைய கட்டில் கிடந்ததைப் பார்த்து, வாடகைக்கு விட்ட போர்ஷன் என்று அளக்க வந்தவர் எழுதிக்கொண்டு போனாரே, அந்த வரி செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. நம் கேஸ் செலவையும் நகராட்சியே கொடுக்க வேண்டுமாம். அப்பாவோடு ஆபீஸில் இருந்த பம்மல் அரிகிருஷ்ணன் இதே மாதிரி ஜெயித்தவர், வக்கீல் ஃபீஸ்கூடத் திரும்பி வரும் என்றார். ஆனால் இவ்வளவு ஃபீஸ் வாங்கினேன் என்று வக்கீல் கையெழுத்துப் போட்டு கோர்ட்டில் ஒரு சர்டிபிகேட் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டாம்புச் செலவோடு சரி என்றும் சொன்னார். நம் வக்கீல் எதிர்வீட்டு ஸ்ரீநிவாசராகவன் அதைக் கொடுக்கவே இல்லை. அப்பா போய்க் கேட்டால் பார்க்கலாம் பார்க்கலாம் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

அந்த ஃபீஸை நாம் கொடுத்த கதை உனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரரிடம் ஃபீஸா என்று அவர் வாங்கவே மாட்டேன் என்றார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், நான் பார்ப்பவள். ஓசியில் வாதாடுகிற வக்கீலை எப்படி நம்புவது என்று உனக்கு எழுதினேன். நீதான் பதில் எழுதினாய், கையில் கொடுத்தால் வாங்க மாட்டார் அம்மா, வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து மாமி கையில் கொடு, சுமங்கலி கொடுப்பதை யாரும் மறுக்க மாட்டார்கள் என்று. எனக்கும் சரியென்று பட்டது. பூவும் மஞ்சளும் வைத்து, மொட்டையாக ஐந்நூறு வைக்கக் கூடாதே என்று மேலே ஒரு ரூபாயும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனைவி கோமளம் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் இடித்தது, ஃபீஸை யாராவது கண்ணில் ஒற்றிக்கொள்வார்களா.

இப்போது அவர் கையெழுத்துப் போடாததற்கு நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று கேட்காதே. இன்கம்டாக்ஸுக்கு ஒளிக்கிறார் என்று நினைத்தேன், நகராட்சி வக்கீலோடு சேர்ந்துகொண்டு விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். அப்பாவிடம் சொன்னால் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்கிறார், அதனால் அவர் மேலும் சந்தேகம் வந்தது. பொறுக்க மாட்டாமல் நேற்று நானே போய்விட்டேன். மாமா, தப்பாக நினைக்காதீர்கள், வாங்கினதை வாங்கினேன் என்று எழுதித் தருவதில் என்ன கஷ்டம் என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர், "வாங்கினேன்னு எழுதலாம் மாமி, ஃபீஸ்னு எப்படி எழுதுவேன்? தையில குடுத்த ஜாதகத்துக்கு நீங்க சொன்ன பதில்னுன்னா எங்காத்துல நினைச்சிண்டிருக்கோம்" என்றார்.

கோமளம் பெருமாள் அலமாரியிலிருந்து அந்தத் தட்டை எடுத்துவந்து காட்டினாள், ரூபாய் நோட்டும் மஞ்சளும் மேலே வைத்த ஒரு ரூபாயும் வைத்தபடியே இருந்தன. தங்கள் பெண் ரமாவின் ஜாதகத்தை உனக்காக அவர்கள் தையில் கொடுத்தது உண்மைதான், வக்கீல் வீட்டுச் சம்பந்தம் நமக்கு எதற்கு என்று நான்தான் பதில் சொல்லாமல் பீரோவில் போட்டு வைத்திருந்தேன். நான் தட்டோடு போனபிறகு, நங்கநல்லூரிலிருந்து வந்த நல்ல இடத்தைக்கூட வாக்கு ஆகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நான் அவரைச் சந்தேகப்பட்டதெல்லாம் போகட்டும், ஒரு பெண்ணின் கல்யாண விஷயத்தில் விளையாடிவிட்டேனே என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் ரமா காப்பி கொண்டுவந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை, அவளாகவே, பிலாயில் இந்த வருஷம் குளிர் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டதாம் மாமி என்றாள். அவள் அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ரமா டம்ளரைப் பார்த்துக்கொண்டாள். வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன், வழி என்ன வழி, எதிர்வீடு. பெட்டியைத் திறந்து உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பண்டிகை தேதிகூட ஞாபகம் இல்லாத பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை, வெற்றிலை பாக்கு, மாமி கையில் என்றெல்லாம் எப்படித் தோன்றிற்று? போன லீவில் அவர்கள் வீட்டு ஆண்டெனாவைத் திருப்பிவைக்க நீ எத்தனை தடவை மொட்டை மாடி ஏறினாய், டீவி மட்டும் ஏன் கடைசி வரை சரியாகவே இல்லை? அப்பாவிடம் கேட்டேன். பேப்பர் ஆடியது, அதன் பின்னால் சிரிக்கிறார்.

தீர்ப்பின் நகல் தயாராவதற்குள் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும், அதனால் சுற்றி வளைக்காமல் பதில் எழுது. ஃபீஸ் என்றால் நானே போய் அவர்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். தட்டுத்தான் என்றால் நகராட்சி அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு போகட்டும், நான் பீரோவைத் திறந்து ஜாதகத்தை எடுக்கிறேன். பெண் நல்ல பெண். என்னை ஏமாற்றியவன் என் பிள்ளைதான் என்றால் எனக்கு வருத்தம் இல்லை என்றுகூட எழுதிவிடுகிறேன், ஆனால் உண்மையை எழுது.

பெருமாள் உன்னை நன்றாக வைக்கட்டும், தீர்க்காயுசாக இரு. காலையில் ஷிப்டுக்குப் போகும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொள். இதையும் எனக்கு முன்னாலேயே யாராவது எழுதியிருந்தால் இரண்டாம் தடவையாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
காமு