வியாழக்கிழமைச் சங்கம்

அக்கா,

சங்கத்தின் வரலாற்றிலிருந்து உங்களை வெட்டிவிட்டார்கள். மறதியால் அல்ல, தெரிந்தே.

ஞாயிற்றுக்கிழமை வெளியிடப்போகும் நூலை இன்று காலை தலைவர் கொண்டுவந்து தந்தார். மை வாசம் இன்னும் போகவில்லை. இத்தாலியின் பலேர்மோவையும் கனடாவையும் இணைத்த நம் வர்த்தகச் சங்கம், டொரொண்டோ விருந்து மண்டபம் ஒன்றில், ஒரு சனிக்கிழமை மாலை, தொழிலதிபர்களால் தொடங்கப்பட்டதாம்.

"அக்கான்ரை பேர் எங்கை?" என்றேன்.

"அண்ணை, இது வியாபாரியளின்ரை வரலாறு. அவ வீட்டுவேலை செய்தவாதானே."

"அவ துடைச்ச கந்தோராலைதான் உன்ரை கடைக்கு முதல் பெட்டி வந்தது. நீ அப்ப அதைத் தூக்கக்கூட வரேல்லை."

தேநீர் குடிக்காமலே போய்விட்டார்.

வீட்டுவேலை முடிந்ததும் பொலிதேயாமாச் சதுக்கத்தில் ஒரு கப்பல் முகவரின் அலுவலகத்தைத் துடைப்பீர்கள். கடல் கடந்து சரக்கு எடுக்க என்ன பத்திரம் வேண்டும் என்று அந்த மனிதரிடம் நாளுக்கொரு கேள்வி கேட்டு, உள்ளங்கையில் எழுதி வருவீர்கள். நான் அதைக் கொப்பியில் பெயர்த்து எழுதுவேன். ஸ்ஃபெர்ராகவால்லோ உணவகமொன்றில் கோப்பை கழுவிய எனக்கு இத்தாலிய எழுத்தைப் படிப்பித்தது உங்கள் கைதான்.

கூட்டம் வியாழக்கிழமை நாலு மணிக்கு, மாதா கோவில் மண்டபத்தில். வீட்டுவேலைக்காரருக்கு அரைநாள் ஓய்வு அன்றுதான். டொரொண்டோவில் அது காலை பத்து, கடை திறக்கும் நேரம். தொலைபேசியில் அங்கத்தைய கடைக்காரர் சினந்தார்: "வியாழக்கிழமை ஆர் அக்கா கூட்டம் வைக்கிறது?"

"வீட்டுக்கார சிஞ்ஞோரா லீவு விடுற நாளிலைதான் தம்பி எங்கடை சங்கம் கூடும். கஷ்டமெண்டால் கடையைப் பிந்தித் திறவும்."

திறந்தார். அவர் அனுப்பிய வறுத்த மிளகாய்த்தூள் பெட்டியை நீங்கள் கத்தரிக்கோலால் வெட்டியபோது மண்டபமே தும்மியது. "சரக்கு நல்லம்," என்றீர்கள், கண்ணீரைத் துடைத்தபடி.

உங்கள் கடைசி வியாழன் ஆஸ்பத்திரியில் கழிந்தது. "கூட்டம் நடந்ததோ?" என்று கேட்டீர்கள். கடைக்காரரின் வசதிக்காகக் கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றி மாதங்கள் ஆகியிருந்தன. அன்று ஓய்வில்லாத வீட்டுவேலைப் பெண்கள் ஒருவரும் வருவதில்லை. மாற்றியபோது நானும் வாய் திறக்கவில்லை.

"ஓம் அக்கா. நல்ல சனம்," என்றேன். கண்களை மூடிக்கொண்டு சிரித்தீர்கள்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். தலைவர் முதல் பக்கத்தைக் கிழித்து, உங்கள் பெயரோடு மறுபடி அச்சிட வேண்டும். அதுவரை வெளியீடு இல்லை. வாசலில் நான் நிற்பேன். டொரொண்டோக்காரர், யாருடைய சொல்லுக்குத் தன் கடையைப் பிந்தித் திறந்தார் என்று கைப்பட எழுதி அனுப்ப வேண்டும். செயற்குழு கூட்டத்தை வியாழனுக்கே திருப்ப வேண்டும். பங்குத்தந்தை மண்டபச் சாவியை என்னிடம் தர வேண்டும். நாலு மணிக்கு நான் கதவைத் திறக்க வேண்டும். பெண்கள் வந்து அமரும்வரை, எத்தனை வியாழன் ஆனாலும், திறந்துகொண்டே இருக்க வேண்டும். உங்களுக்குச் சொன்ன பொய்யை நான் உண்மையாக்க வேறு வழியில்லை.