கல் முதலில், மணல் பிறகு

பிப்ரவரி 3

இடக்கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், படிக்கப்போவது நான் ஒருத்திதானே.

பக்கவாதம் வந்து மூன்று மாதம். கால் தேறிவிட்டது. வலக்கை மட்டும் மூட்டை மாதிரி கூடவே வருகிறது.

இன்று தம்பி விபோவோ மலாங் ஊரிலிருந்து வந்தான். கதவைத் தட்டவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எடுத்த என் வீட்டுச் சாவியை இன்னும் அவன்தான் வைத்திருக்கிறான். காலியாகக் கிடந்த கடல்மீன் தொட்டியைப் பார்த்தான். "இதை வித்துடுவோம்க்கா. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு எங்களோட வந்துடு. ஒத்தக் கையில தனியா என்ன பண்ணுவே?"

காப்பியை நீட்டினேன். "மன்னிச்சுக்கப்பா, இடது கை" என்று வழக்கம்போலச் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறேன்? தபால்காரரிடம், காய்கறிக்காரியிடம், எல்லோரிடமும்.

போகமாட்டேன். தொட்டியையும் விற்கமாட்டேன்.

பிப்ரவரி 6

கடல் தண்ணீர் பத்து கேன் வந்து இறங்கியது. என் மீன்களை இத்தனை நாள் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவள் பக்கத்து வீட்டு சுமார்னி. இரண்டு கோமாளி மீன், ஒரு துப்பாக்கி இறால், அதன் வளை வாசலில் காவல் நிற்கும் கோபி மீன். நால்வரும் உயிரோடு இருக்கிறார்கள்.

தொட்டி இரண்டடிதான். அதில் இரண்டு குன்று வேண்டும். இடது பக்கம் உயரம், வலது பக்கம் குட்டை, நடுவில் மீன் நீந்த வழி, மேலே பாலமாக ஒரு தட்டைக்கல். கற்களைச் சுவர் மாதிரி பின்கண்ணாடியில் சாத்தி அடுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

கல் ஒட்டும் பசையை வலக்கையால் பிசைந்தேன். பிசைந்து முடிப்பதற்குள் உள்ளங்கையிலேயே இறுகிவிட்டது. இரண்டாவது உருண்டையும் போயிற்று. மூன்றாவது ஒட்டியது! ஆஸ்பத்திரிப் பயிற்சிக்காரர் கைக்குக் கொடுத்த ரப்பர் பந்தைவிட இது மேல்.

பிப்ரவரி 9

ஒன்றை எழுதிவிடுகிறேன். இன்று மணலை முதலில் கொட்டினேன். அதன்மேல்தான் கல்லை வைத்தேன்.

புதிதாகத் தொட்டி வைக்கிற எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! கல் கண்ணாடித் தரையில் நிற்கணும், மணல் அப்புறம், இறால் தோண்டினால் எல்லாம் சரியும் என்று. இன்று நானே அதைச் செய்தேன். கல் கை நழுவிக் கண்ணாடியில் விழுந்தால்? அந்தப் பயம். மணல் மெத்தையாக இருக்கும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 20

மீன்களை விட்டாயிற்று. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இறால் பெரிய குன்றின் அடியில் வளை தோண்டுகிறது. டொக், டொக்.

மார்ச் 2

நோன்பின் இரண்டாம் நாள். என்னோடு நோன்பு திறக்கிறேன் என்று விபோவோ வந்திருந்தான். தேங்காய்ப்பாலில் வாழைப்பழம் போட்டுக் காய்ச்சிய கோலாக்கைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொட்டியில் தடால் என்று சத்தம்.

பெரிய குன்று சரிந்து பாலம் கண்ணாடியில் மோதிவிட்டது. விரிசல் இல்லை. நீளமாக ஒரு கீறல். கோபி மீன் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தது. இறாலைக் காணோம்.

"பாத்தியாக்கா? நான் சொன்னேன்ல?" என்றான். குரலை உயர்த்தக்கூட இல்லை. அதுதான் எரிந்தது. "பெருநாளைக்கு வண்டி கொண்டு வர்றேன். சாமான் எடுத்துவை."

டேய், கை தவறவிட்ட கல்லாடா அது? கை ஒழுங்காத்தான் வச்சது! பயந்துபோய் மணலை முதல்ல கொட்டினது நான். என் புத்தி. அவன்கிட்ட அதைச் சொல்ல வாய் வரலை. தலையைத் தலையை ஆட்டினேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 3

இறால் இருக்கிறது! கல்லுக்கடியிலிருந்து ஒரு மீசை.

விபோவோவுக்குப் போன் செய்தேன். "வண்டியைக் கொண்டுவா. ஆனா நான் சாமான் எடுத்துவைக்கமாட்டேன். வந்து தொட்டியைப் பாரு, அப்புறம் பேசலாம்."

"கல்லு மறுபடியும் விழுந்தா?"

"விழுந்தா வர்றேன்."

சொல்லிவிட்டேன். இனி பின்வாங்க முடியாது.

மார்ச் 8

மீன்கள் வாளியில். மணல் முழுவதையும் குவளையால் அள்ளினேன். மூன்று நாள் பிடித்தது. கல் நழுவினால் இனி நேரே வெறும் கண்ணாடிதான்.

பெரிய கல்லை ஒற்றைக் கையால் மெதுவாக இறக்க முடியாது. துண்டை அதன் அடியில் கொடுத்து, ஒரு முனையை இடக்கையிலும் மறுமுனையைப் பல்லிலும் பிடித்து ஊஞ்சல் மாதிரி இறக்கினேன். அந்த நேரம் பார்த்து சுமார்னி உள்ளே வந்தாள்.

"ஐயோ அக்கா, நோன்பு நேரத்துல துண்டைத் தின்னுறீங்களா!"

சிரித்தால் கல் போய்விடும். மூக்கால் உறுமினேன். அவள் கைகொடுக்க ஓடிவந்தாள். கல் தரையைத் தொட்டதும் துண்டைத் துப்பிவிட்டு, "தொடாதே! தொட்டா அப்புறம் நீ வச்சதுன்னு ஆயிடும்" என்றேன்.

"எனக்கு எதுக்கு அந்தப் பேரு? உங்க பல்லு வச்சதுன்னே சொல்றேன்" என்றபடி, மாத்திரை போட எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். மருந்து சாப்பிடுவதால் எனக்கு இந்த வருடம் நோன்பு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மார்ச் 11

கடைசிக் கல்லும் கண்ணாடியில் நிற்கிறது. பாலத்தைப் பசை வைத்து இறுக்கினேன். பிறகுதான் சுற்றிலும் மணல்.

காய்கறிக்காரியிடம் இடக்கையால் பணம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் ஒரு நொடி பார்த்தாள். பார்க்கட்டும்.

மார்ச் 24

இறால் அதே இடத்தில்தான் தோண்டுகிறது, சனியன். மணல் போய்க் கண்ணாடி தெரிகிறது. தோண்டு. நன்றாகத் தோண்டு.

மார்ச் 31, பெருநாள்

விபோவோ காலையிலேயே வந்தான். வண்டியின் பின்பக்கத்தைக் காலி செய்துகொண்டு வந்திருந்தான். இன்று கதவைத் தட்டினான்.

மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டான், பெருநாளில் இளையவர்கள் செய்கிற வழக்கப்படி. நான் இடக்கையை நீட்டினேன். கொஞ்சம் தயங்கினான். அதையே பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டான்.

பிறகு தொட்டி முன்னால் உட்கார்ந்தான். குன்றின் அடியில் மணலே இல்லை. இறால் இன்னும் கொஞ்சம் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

"அடியில ஒண்ணுமே இல்லையேக்கா. எப்படி நிக்குது?"

"கையை விட்டு இழுத்துப் பாரு."

"விழுந்துடும்."

"இழுடா."

சட்டைக்கையைச் சுருட்டி வலக்கையை முழங்கை வரை விட்டான். ஒருமுறை இழுத்தான். பிறகு பலமாக. கோமாளி மீன் வந்து அவன் விரலைக் கடித்தது. கல் அசையவில்லை.

"அன்னிக்கு விழுந்தது என் தப்புதான். பயந்துபோய் மணலை முதல்ல போட்டேன்" என்றேன். இப்போது சொல்ல முடிந்தது.

அவன் கையைத் தொட்டியிலிருந்து எடுத்தான். ஓலையில் பொதிந்து வேகவைத்த கெதுபாட் சோறும் கோழிக்குழம்பும் இருக்கிறது, சாப்பிட வா என்று அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே வந்தான். வலக்கையிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதனால் என் வீட்டுச் சாவியை இடக்கையால் எடுத்து நீட்டினான்.

நானும் இடக்கையால் வாங்கிக்கொண்டேன். இருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.