கறுவலுக்குக் கட்டிய வேப்பிலை

தைப்பிங்
2603 யூலை 4

அன்பின் தவமணிக்கு,

உமக்கும் பிள்ளை யோகத்துக்கும் முருகன் துணை. நான் நலம். இரண்டு நேரமும் மரவள்ளிக் கிழங்குதான், ஆனாலும் வேலை இருக்கிறது.

ஆயர் ஈத்தாமில் அம்மை பரவுகிறதாம். நாய்கள்தான் வீட்டுக்கு வீடு நோயைக் கொண்டுபோகின்றன என்று வீட்டு நாய்களையும் பிடித்துச் சுட ஜப்பான்காரர் உத்தரவு. கறுவலைக் கேட்டு வந்தால் கொடுத்துவிடும். குட்டியிலிருந்து நான் வளர்த்த நாய்தான். ஆனால் அதற்காக நான் வேலையையும் நீர் முதுகுத் தோலையும் இழக்க முடியாது.

தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். இதைக் கொண்டுவரும் லொறிக்காரப் பழனியப்பனிடமே பதிலையும் கொடுத்துவிடும்.

இப்படிக்கு,
நாகநாதன்


ஆயர் ஈத்தாம்
1943 யூலை 11

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் போடும் ஜப்பான் ஆண்டை என் கை எழுதாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கறுவலைக் கொடுக்கவில்லை. தெருவுக்குத் தலைவராக வைத்திருக்கிறார்களே அந்தச் சின்னையா, நேற்றுத் தடிக்காரர்களோடு மேல்பக்கத்து வீட்டில் நுழைவதைப் பார்த்தேன். ஓடிப்போய் பக்கத்து வீட்டு ரொஸ்னாவின் மரத்தில் வேப்பிலை ஒடித்து வாசலில் கட்டினேன். படியில் மஞ்சள் தண்ணீரும் தெளித்தேன். மனிதர் வேலிப் படலையோடு நின்றுவிட்டார்.

“என்னாக்கா, ஆத்தா எறங்கியிருக்காளா?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“அப்ப நான் படி மிதிக்க மாட்டேன்லா. ஆத்தாவ யாராச்சும் ஜப்பான்காரன்ட்ட காட்டிக் குடுப்பாங்களா? நாய் இல்லேன்னு எழுதிக்கிறேன்.”

அந்த நேரம் யோகம் கட்டிலுக்கடியில் கறுவலின் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. ஜப்பான் சண்டைக்கு முன்பே அம்மைப்பால் குத்திய பிள்ளை.

அம்மாள் பெயரில் பொய்யா என்று கோபிப்பீர்கள். அம்மாளுக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும், நான் தாங்குவேன்.

உங்கள்
தவமணி


தைப்பிங்
2603 யூலை 18

அன்பின் தவமணிக்கு,

உம்முடைய பதில் எதுவும் கிடைக்கவில்லை. மனம் கேட்காமல் தபாலிலேயே அனுப்புகிறேன்.

நேற்று ஒரு நாள் லீவு கிடைத்து, சொல்லாமல் ரயிலேறி வந்தேன். பொழுது சாயும் நேரம் படலைக்கு வந்தால் வாசலில் வேப்பிலை. வெளியூரிலிருந்து வந்தவன் அம்மாள் இருக்கும் வீட்டில் கால்வைக்கக் கூடாது என்பது உமக்குத் தெரியும். கூப்பிடவும் இல்லை. உள்ளே முனகல் கேட்டது. பிள்ளைதான் என்று நினைத்தேன். சேர்த்து வைத்திருந்த அரிசியைப் படலையடியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பிள்ளை எப்படி இருக்கிறாள்? ஒரு வரி எழுதும்.

நாகநாதன்


ஆயர் ஈத்தாம்
1943 யூலை 25

அத்தான்,

பிள்ளை நலம். முனகியது கறுவல்.

பழனியப்பனின் லொறி அச்சு முறிந்து கிடந்ததால் என் முதல் கடிதம் இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இதையும் சேர்த்துக் கொடுக்கிறேன். அதை முதலில் படியுங்கள், எல்லாம் விளங்கும்.

அன்று மாலை கறுவல் கதவைப் பிறாண்டினான், வாலை ஆட்டினான், முனகினான். சின்னையாவின் ஆட்கள் மறுபடி வந்துவிட்டார்கள் என்று நான் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே நின்றது நீங்கள் என்று உங்கள் கடிதம் பார்த்துத்தான் தெரிந்தது! காலையில் அரிசிப் பையைப் பார்த்து, யாரோ அம்மாளுக்கு நேர்ந்து வைத்தது என்று கும்பிட்டுவிட்டுக் கஞ்சி வைத்தோம்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. சின்னையா ஊரார், அவர் வாசலோடு நின்றார், சரி. நீங்கள் இந்த வீட்டு மனிதர். பெற்ற பிள்ளை முனகுகிறாள் என்று நினைத்தும் எப்படித் திரும்பிப் போக முடிந்தது? நாய்க்கு உங்கள் காலடி தெரிந்தது. உங்களுக்கு ஒரு குரல் கொடுக்கத் தெரியவில்லையே.

வேப்பிலையை அவிழ்க்க மாட்டேன். வாட வாடப் புதிது கட்டுவேன். இப்போது எங்கள் வரிசையில் நாய் இருக்கிற வீடெல்லாம் வேப்பிலை தொங்குகிறது. ரொஸ்னா வந்து, “அக்கா, என் பூனைக்கும் இது சரிவருமா?” என்று கேட்டு, தன் மரத்து இலையைத் தன் வாசலிலேயே கட்டிவிட்டாள். பாவம் சின்னையா, தெருவில் நடக்கவே பயப்படுகிறார்.

வருவதென்றால் வேப்பிலையைத் தாண்டி உள்ளே வாருங்கள். படலையோடு திரும்புவதென்றால் உங்கள் அரிசியும் எங்களுக்கு வேண்டாம்.

தவமணி


தைப்பிங்
1943 ஓகஸ்ட் 1

அன்பின் தவமணிக்கு,

இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. நீர் கேட்டது நியாயம். வெட்கம்தான் இருக்கிறது.

மறுபடி லீவு கேட்டேன், இல்லை என்றார்கள். கேட்காமலே வருகிறேன். வெள்ளிக்கிழமை பழனியப்பனின் லொறியில், கரி மூட்டைகளுக்கு நடுவே. வேலை போனால் போகட்டும்.

படலையில் நின்று தெருவுக்கே கேட்கும்படி உம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். கறுவலைக் கட்டிவைக்க வேண்டாம், அவனே முதலில் வரட்டும்.

வேப்பிலை வாடியிருந்தால் புதிது கட்டிவையும்.

உம்முடைய
நாகநாதன்