ஆளுக்கொரு ‘கா’

ஜனவரி 11, சனி
நூலகக் கீழ்த்தளத்தில் மாதக் கூட்டம். சொந்தமாக மொழி செய்கிறவர்கள் அமெரிக்காவின் இந்த டுலூத் ஊரில் எட்டுப் பேர் இருக்கிறோம். மொழி என்று சொல்லத் தகுந்ததைச் செய்தவன் நான் ஒருவன்தான். இன்றைய விளையாட்டு: ‘கா’ என்றால் உங்கள் மொழியில் என்ன?

வெர்லின் எழுந்து, “மூணாவது நிலா உதிக்கிறப்ப வர்ற துக்கம்” என்றான். அவன் உலகத்தில் நிலா மூன்று, வினைச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. டோவாவின் மொழியில் டிராகன் விடும் கொட்டாவியாம். கைதட்டல் வேறு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

என் ஓரெத் மொழியில் ‘கா’ என்றால் உப்பு.

“அவ்வளவுதானா, ஆரின்?” என்றாள் டோவா.

“சாப்பிடுற சனங்களுக்குச் செஞ்ச மொழிம்மா” என்றேன்.

ஜனவரி 12
இருபத்தாறு வருட உழைப்பு. இலக்கணம், அகராதி, எல்லாம் இருக்கிறது. ஓரெத்தில் என்னைத் தவிர ஒருவரும் ஒரு வாக்கியம் பேசியதில்லை. செத்த மொழிக்குக்கூட ஒரு காலத்தில் நாக்கு இருந்தது. இதுக்கு? ஒருத்தராவது பேசிக் கேட்டுட்டா போதும்னு இருக்கு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஜனவரி 25
வருடாந்திர மொழிபெயர்ப்புத் தொடர் ஓட்டம். ஒரே கதை கைமாறிக் கைமாறி ஒவ்வொரு மொழிக்கும் போகும். இம்முறை சீட்டுக் குலுக்கியதில் அதை ஓரெத்தில் எழுதும் வேலை வெர்லின், டோவா என்ற அந்த இரண்டு அரைகுறைகளுக்கு விழுந்தது. குரங்கு கையில் பூமாலை.

வெர்லின் போன் செய்தான். “யோவ், உன் இலக்கணத்தப் படிக்கிறதுக்கு ஏரி ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் புடிக்கலாம்யா.”

போய்ப் பிடி என்றேன்.

பிப்ரவரி 1
எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ‘அவள் பேச்சில் கா இருந்தது’ என்று ஒரு வரி. பேச்சில் உப்பா? சிவப்பு மையால் அடித்தேன். ‘கா’ என்றால் உப்பு, மேசையில் இருக்கிற உப்பு மட்டும் என்று ஓரத்தில் எழுதினேன். பக்கமெல்லாம் சிவப்பு.

பிப்ரவரி 5
அவர்கள் திருத்தி அனுப்பியதையும் மறுபடி திருப்பி அனுப்பினேன்.

“நாங்க என்ன உங்ககிட்ட வேலைக்கா இருக்கோம்?” என்று டோவா எழுதியிருக்கிறாள். ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பிப்ரவரி 8, சனி
கூட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தேன். ஒரு வேனுக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்கள். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

ஓரெத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். படிக்கவில்லை, பேசினார்கள்.

“கிழவனுக்குள்ள கா கிடையாது,” என்றாள் டோவா. “பொறந்ததுலேருந்தே கிடையாது.”

வெர்லின் சிரித்துவிட்டு, என் பொண்டாட்டி ஏன் ஓடிப்போனாள் என்று சொல்ல வந்தான். நடுவில் ஒரு சொல்லுக்குத் தடுமாறினான். டோவா எடுத்துக் கொடுத்தாள். சரியான சொல்தான்.

சந்தோஷமாக இருந்தது, என்ன ஜென்மமோ நான்.

என்னைப் பார்த்தால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். சாவியைத் தேடுகிறவன்போலப் பனியில் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும்.