தங்கத் தாயத்து

தங்கம் தோண்டப் போன இடத்தில் புத்தியையும் புதைத்துவிட்டவருக்கு,

லாரிக்காரரிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய தாயத்து வந்து சேர்ந்தது. பிரித்ததும் அம்மா போட்ட அலறலில் ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. தங்கம்! நம் பாலைவனத்து ஆட்கள் யாராவது அதைக் கழுத்தில் போடுவார்களா? கேடு கூடாரம் தேடி வரும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியுமே. மழைக்கு வந்துபோனபோது நன்றாகத்தானே இருந்தீர்கள்?

கொல்லர் கூமூரைக் கூப்பிட்டேன். அவர் வாய்தான் தெரியுமே. தாயத்தைக் குறட்டால் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒம் புருஷனுக்கு வேற பொண்ணு கெடச்சிருச்சா? ஒன்ன ஒழிச்சுக்கட்ட இவ்ளோ செலவு பண்றானே!" என்றார். கோபம் போய் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அகதேஸ் சந்தையில் அதைக் கொடுத்து வெள்ளி வாங்கிவந்து, அவரே தாயத்துப் பெட்டி செய்தார். ஓதி எழுதிய தாளை உள்ளே மடித்து வைத்து மூடினார். வேலை முடிந்ததே என்று தேநீர் ஊற்றினேன். அந்த வாடை எனக்கு ஆகவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். திரும்பி வந்தால் மனுஷன் மறுபடியும் உலை ஊதிக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் என்ன வேலை?"

"வெள்ளி மிச்சம் இருக்கு. நீ சும்மா உக்காரும்மா."

சாயங்காலம் இன்னொரு பெட்டியும் கொடுத்தார். பேரீச்சங்கொட்டை அளவுதான் இருக்கும். அவர் மனைவி அதற்குக் கோத்த தோல் வார், என் மணிக்கட்டைப் பாதிதான் சுற்றுகிறது.

யார் கைக்கு என்று நான் எழுதப்போவதில்லை. வெயில் காலத்துக்குள் வந்து நீங்களே கட்டிவிடுங்கள். வெறுங்கையோடு வந்தால் போதும். தூக்கிக்கொள்ள இரண்டு கையும் வேண்டும்.

இப்படிக்கு,
தேநீரை மறந்த உங்கள் பெண்டாட்டி